ஜப்பானியர் பர்மியர் ஆன கதை: 1915-இன் ‘தி சீட்’ படத்தை இப்போது பார்ப்பது

கேள்வி இதுதான்: “‘தி சீட்’ (The Cheat) என்ற 1915-ஆம் ஆண்டு ஹாலிவுட் மௌனப் படத்தைப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கையாண்ட விதம் பிரமாதம். ஆனால் வில்லனாக வரும் ஆசியரைக் காட்டியிருக்கும் விதம் வயிற்றைப் புரட்டியது. நண்பரிடம் சொன்னால், அந்தக் காலம் அப்படி, விடு என்கிறார். இதை எப்படித்தான் பார்ப்பது? அந்த வில்லன் நடிகர் பிற்பாடு என்ன ஆனார்?”

பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்த்த பிரதியில் அந்த வில்லன் எந்த நாட்டுக்காரர்? பர்மாவைச் சேர்ந்த தந்த வியாபாரி, பெயர் ஹாக்கா அரக்காவ். சரிதானே? 1915 டிசம்பரில் படம் முதலில் திரைக்கு வந்தபோது அவர் பர்மியர் இல்லை. ஹிஷுரு தோரி என்ற ஜப்பானியர். 1918-இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது டைட்டில் கார்டுகளை (மௌனப் படத்தில் பேச்சையும் விவரத்தையும் எழுதிக் காட்டும் அட்டைகள்) மட்டும் மாற்றி எழுதிவிட்டார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அந்த மாற்றிய பிரதிதான். படச்சுருளில் ஒரு காட்சிகூட மறுபடி எடுக்கப்படவில்லை. அதே நடிகர், அதே வீடு, அதே உடை. ஊர்ப்பேரும் ஆள்பேரும் மட்டும் வேறு.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு அப்புறம் வருகிறேன். படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதை.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வசதியான கூட்டம். ஈடித் ஹார்டி (ஃபேனி வார்ட்) அதில் ஒருத்தி. உடையிலும் விருந்திலும் பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பவள். கணவன் ரிச்சர்ட் (ஜாக் டீன்) பங்குச் சந்தைக்காரன். போட்ட பணம் திரும்பும்வரை கொஞ்சம் கையை இறுக்கிப் பிடி என்கிறான், அவள் கேட்பதாயில்லை. பெல்ஜிய அகதிகளுக்காகத் திரட்டிய செஞ்சிலுவைச் சங்கத்தின் 10,000 டாலர் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஒரே நாளில் இரட்டிப்பாக்கலாம் என்று ஒருவன் ஆசை காட்ட, அதைத் தூக்கிப் பங்கில் போடுகிறாள். மொத்தமும் போய்விடுகிறது. கூட்டத்தில் எல்லோரோடும் பழகும் செல்வந்தரான தோரி, நான் தருகிறேன் என்கிறார். விலை அவள்தான். அவள் சம்மதிக்கிறாள். அடுத்த நாளே கணவனுக்குப் பங்கில் லாபம் வந்துவிடுகிறது. சீட்டாட்டக் கடன் என்று அவனிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு தோரியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். அவர் வாங்க மறுக்கிறார். மல்லுக்கட்டு. தன் பொருள்களுக்கு முத்திரை போடும் சூட்டுக்கோலை எடுத்து அவள் தோளில் சூடு வைத்துவிடுகிறார். அவள் கைக்குக் கிடைத்த துப்பாக்கியால் அவரைச் சுடுகிறாள். பின்தொடர்ந்து வந்த கணவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். வழக்கு நடக்கிறது. குற்றவாளி என்று ஜூரி சொன்னதும் ஈடித் எழுந்து ஓடிவந்து தோளைத் திறந்து தழும்பைக் காட்டுகிறாள். வழக்குமன்றமே பொங்கி எழுந்து, காயத்தோடு உயிர் பிழைத்த தோரியைக் கொல்லப் பாய்கிறது. தீர்ப்பு ரத்து. கணவனும் மனைவியும் கல்யாண ஜோடி மாதிரி கூட்டத்தின் நடுவே நடந்து வருகிறார்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் படம். இயக்கம் செசில் பி. டிமில். பின்னாளில் ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ எடுத்துக் கடலைப் பிளந்தவர்தான். அப்போது ஜெஸ்ஸி லாஸ்கி கம்பெனியில் வருடத்துக்குப் பத்துக்கு மேல் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் படத்தைப் பகலில் எடுத்துக்கொண்டே இரவில் இன்னொரு படத்தையும் எடுத்தார் என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு சுமார் 17,000 டாலர். வசூல் அதைப்போலப் பல மடங்கு.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம், நீங்கள் வியந்த விஷயம் அதுதான் என்பதால்.

1915-இல் பெரும்பாலான படங்கள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் அடித்து எடுக்கப்பட்டவை. நடிகர் முகம் முழுசாகத் தெரிந்தால் போதும். டிமிலும் ஒளிப்பதிவாளர் ஆல்வின் வைகாஃபும் கலை இயக்குநர் வில்ஃப்ரெட் பக்லேண்டும் இருட்டைப் பயன்படுத்தத் துணிந்தவர்கள். பக்லேண்ட் நாடக மேடையிலிருந்து வந்தவர், விளக்கின் அருமை தெரிந்தவர். இவர்கள் முந்தி எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நடிகரின் பாதி முகம்தான் தெரிகிறது, பாதிப் பணம்தான் தருவோம் என்று தியேட்டர்காரர்கள் முரண்டுபிடித்தார்களாம். இதற்குப் பெயர் ரெம்ப்ராண்ட் லைட்டிங் (இருட்டும் வெளிச்சமுமாக வரைந்த டச்சு ஓவியரின் பெயர்) என்று சொல்லுங்கள் என்று டிமில் தந்தி அடித்தாராம். அப்படியென்றால் இரட்டிப்புப் பணம் தருவார்கள் என்று பதில் வந்ததாம். டிமில் தானே சொல்லிப் பரப்பிய கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனாலும் நல்ல கதை.

படத்தின் முதல் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கும்மிருட்டு. தோரி கணப்புச் சட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார். தணல் வெளிச்சம் கீழிருந்து மேலாக முகத்தில் விழுகிறது. சூட்டுக்கோலை எடுத்து ஒரு சின்னச் சிலையின் அடியில் அழுத்துகிறார், புகை எழுகிறது. அந்த முத்திரையின் வடிவம் ஜப்பானியக் கோயில் முன் நிற்கும் ‘தோரி’ வாசல். ஆள் பெயரும் தோரி, முத்திரையும் தோரி. 1918-இல் பெயரை அரக்காவ் என்று மாற்றியபோது இந்தச் சிலேடை செத்துப்போனது. முத்திரை மட்டும் என்ன என்று புரியாமலே திரையில் கிடக்கிறது.

இதற்கு நேர்மாறாக, கணவன் ரிச்சர்டின் அறிமுகத்தில் பங்கு விலை அச்சாகி வரும் காகித நாடாவைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளைக்காரனுக்குச் சந்தையும் காகிதமும், ஆசியனுக்கு நெருப்பும் இருட்டும். ஒரு வார்த்தை பேசாமல் விளக்கு வைக்கும் இடத்தைக் கொண்டே யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று படம் சொல்லிவிட்டது.

லைட்டிங் பிரமாதம், கருத்துதான் மோசம் என்று பிரித்துச் சொல்வதை அதனால்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் படத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. மோசமான கருத்தைச் சொல்வதே அந்த லைட்டிங்தான். சுட்டுவிட்டு ஈடித் ஓடிய பிறகு வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தோரி வீட்டின் தாள் ஒட்டிய தட்டிக் கதவு. உள்ளே விளக்கு, வெளியே இருள். அடிபட்டவர் அந்தத் தட்டியில் சாய்ந்து சரியும்போது நிழலுருவம் கீழே இறங்குகிறது, தாளில் ரத்தம் ஊறிக் கறையாக இழுபடுகிறது. வெளியே நிற்கும் கணவன் அதைப் பார்த்துத் தட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சியின் கூர்மை மழுங்கவில்லை. ஜப்பானிய வீட்டின் கதவையே திரைக்குள் ஒரு திரையாக்கிவிட்டார்கள். அவர்கள் அழகென்று கண்டதும் அச்சமென்று கண்டதும் ஒரே பொருளைத்தான்.

சரி, உங்கள் நண்பர் சொன்ன “அந்தக் காலம் அப்படி”.

எந்தக் காலம், யாருடைய காலம் என்று கேட்டால் அந்த வாதம் நிற்காது. படம் வந்த அதே மாதமே லாஸ் ஏஞ்சல்ஸின் ஜப்பானிய நாளிதழான ‘ராஃபு ஷிம்போ’ அதைக் கண்டித்து எழுதியது. அங்கிருந்த ஜப்பானியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தோரியாக நடித்த செஸ்ஷூ ஹயகாவா தன் மக்களின் மனம் புண்பட்டதற்கு அந்தப் பத்திரிகையிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. அவர்களும் 1915-இல் வாழ்ந்த மனிதர்கள்தானே? அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை என்பது உண்மையில்லை. தப்பு என்று சொன்னவர்களின் குரலுக்கு டிக்கெட் கவுண்டரில் எடை இல்லை, அவ்வளவுதான்.

அந்த எடை கூடியதும் என்ன நடந்தது பாருங்கள். முதல் உலகப் போரில் ஜப்பான் நேச நாடுகள் பக்கம். 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. கூட்டாளி நாட்டுக்காரனைக் காமுகனாகக் காட்டுவது சங்கடமாகிவிட்டது. உடனே ஜப்பானியர் பர்மியர் ஆகிவிட்டார். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அமெரிக்காவில் பத்திரிகை நடத்தி மறுப்பு எழுதும் அளவுக்குப் பர்மியர்கள் கிடையாது. கேட்க ஆளில்லாத ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தப் பெயர் மாற்றம் படத்தின் குட்டை உடைத்துவிடுகிறது. ஜப்பானியப் பண்பாட்டைப் பற்றி இந்தப் படம் ஏதோ சொல்ல வந்தது என்று யாராவது வக்காலத்து வாங்கினால், நாலு கார்டை மாற்றியதும் அதே படம் பர்மாவுக்கும் பொருந்திப் போனது எப்படி என்று கேளுங்கள். வெள்ளையன் அல்லாத பணக்காரன் ஒருவன் வேண்டும். எந்த ஊர் என்பது பொருட்டே இல்லை. 1923-இல் இதே கதையை நடிகை போலா நேக்ரியை வைத்து மறுபடி எடுத்தபோது வில்லன் ராவ் சிங் என்ற இந்திய இளவரசன்! அதிலும் அசல் இந்தியன் இல்லை, இந்திய இளவரசனாக வேஷம் போடும் ஐரோப்பிய மோசடிக்காரன். (அதே 1923-இல்தான் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.) 1931-இல் மூன்றாவது முறை எடுத்தபோது வில்லன் வெள்ளை அமெரிக்கனே. கீழை நாட்டுப் பொருள்களைச் சேர்ப்பவன் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கதையின் நடுவில் இருக்கும் சொல் ‘உடைமை’. தோரியின் குற்றம் என்ன? எதை வாங்கினாலும் தன்னுடையது என்று முத்திரை குத்துவது, கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் அப்படிக் குத்துவது. படம் தயாரான கலிஃபோர்னியாவில் நிலவரம் என்ன? 1913-இல் அந்த மாநிலம் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக்கூடாது, மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக்கூடாது. ஜப்பானியர் என்ற சொல் சட்டத்தில் இல்லை, குறி அவர்கள்தான். ஜப்பானியருக்கும் வெள்ளையருக்கும் கல்யாணமும் அங்கே சட்டப்படி செல்லாது. ஒரு காணி நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ள முடியாதவர்கள், திரையில் கண்டதையெல்லாம் தன் பேரில் எழுதிக்கொள்ளும் அரக்கனாக வருகிறார்கள். யார் யாருடைய சொத்தைப் பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படம் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறது.

அந்தக் கடைசி வழக்குமன்றக் காட்சியும் அப்படித்தான். கிழக்கு கிழக்குதான், மேற்கு மேற்குதான், இரண்டும் ஒருநாளும் சேராது என்ற கிப்ளிங் வரியைக் கார்டில் போட்டு ஒரு தத்துவப் பூச்சு பூசுகிறார்கள். அப்புறம் கூட்டம் மேசை நாற்காலியைத் தாண்டிக்கொண்டு பாய்கிறது. படம் வருவதற்கு நாலு மாதம் முன்புதான், 1915 ஆகஸ்டில், ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய் ஒரு கும்பல் தூக்கில் போட்டது. கறுப்பர்கள் இப்படிக் கொல்லப்படுவது அநேகமாக வாராவாரம் வந்த செய்தி. அதே வருடம் பிப்ரவரியில் வந்த ‘தி பெர்த் ஆஃப் எ நேஷன்’ அப்படிக் கொல்லும் கும்பலையே காவிய நாயகர்களாக்கியது. ஆக, அந்தக் காட்சியைப் பார்த்த 1915 ரசிகருக்கு அது வெறும் சினிமா இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து எழுந்து நிற்கச் சொல்லும் அழைப்பு. டிமில் அந்தக் கூட்டத்தின் முகங்களை நம் பக்கமாகத்தான் வைக்கிறார்.

பெண்ணைக் காட்டியிருக்கும் விதத்தையும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் கேள்வியில் அதைத் தொடவில்லை. படத்தின் பெயர் ‘ஏமாற்றுக்காரி’ என்ற பொருளில் ஈடித்தைத்தான் குறிக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவள் சேலை துணிமணிக்குச் செலவழித்தாள், கணவன் சொல் கேட்கவில்லை, தானாக முதலீடு செய்யப் போனாள். அதற்கான தண்டனைதான் தோளில் விழுகிற சூடு. நியூயார்க்கில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1915 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்து தோற்றது. ஒரு மாதம் கழித்து, நியூயார்க் பக்கத்துப் பெண் ஒருத்தி கையில் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று காட்டும் இந்தப் படம். (1917-இல் அதே மாநிலத்தில் வாக்குரிமை கிடைத்துவிட்டது.) சட்டம் படித்தவர்கள் கடைசிக் காட்சியைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அகதிகள் பணத்தைக் கையாடல் செய்தது பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. தழும்பைக் காட்டியதும் எல்லாம் தீர்ந்தது. ஒருவன் வைத்த முத்திரையை ஊரறியக் காட்டித்தான் அவள் இன்னொருவனின் மனைவியாகத் திரும்ப முடிகிறது.

இத்தனைக்கும் பிறகு ஏன் பார்க்கச் சொல்கிறேன்? ஹயகாவாவுக்காக.

ஃபேனி வார்டைப் பாருங்கள்: கையை விரித்து, நெஞ்சைப் பிடித்து, கண்ணை உருட்டி, அன்றைய நாடக பாணியில் நடிக்கிறார். ஜாக் டீன் மரக்கட்டை. ஹயகாவா அசைவதே இல்லை. இமை கொஞ்சம் தாழும், வாயோரம் இறுகும், அவ்வளவுதான். காசோலையை ஈடித்திடம் நீட்டும் கையை மட்டும் கவனித்துப் பாருங்கள், அதில் அவசரமே இருக்காது. நான் முதல் தடவை இதை ஒரு கல்லூரி வகுப்பறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிய இருட்டில் பார்த்தேன். பத்து நிமிடம் போனதும் பின்வரிசையில் ஒருவர், “என்னங்க, வில்லன் மட்டும்தான் இந்தக் காலத்து ஆள் மாதிரி நடிக்கிறார்” என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

1916-இல் பாரிஸில் படம் ஓடியபோது அங்கே ஒரே பரபரப்பு. எழுத்தாளர் கொலெத் பாராட்டி எழுதினார். சினிமா ஒரு கலைதான் என்று பிரெஞ்சு விமர்சகர்கள் வாதாடத் தொடங்கியதற்கு இந்தப் படமும் ஒரு காரணம், அதிலும் முக்கியமாக அந்த அசையாத முகம். கதையை ஆப்பராவாகக்கூட ஆக்கினார்கள். அமெரிக்காவிலும் வெறுக்கச் சொல்லிக் காட்டிய ஆளைப் பெண் ரசிகைகள் விரும்பத் தொடங்கினார்கள். காதல் நாயகனாக வாலண்டினோ வருவதற்குப் பல வருடம் முன்பே ஹயகாவா திரையின் கனவு நாயகன். படம் நினைத்தது ஒன்று, முகம் செய்தது வேறொன்று.

அப்புறம் அவர் என்ன ஆனார் என்று கேட்டீர்கள். இந்த மாதிரி வேஷங்களில் சலித்துப்போய் 1918-இல் ஹாவொர்த் பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். மனைவி த்சுரு ஆவோகியோடு நடித்த ‘தி டிராகன் பெயிண்டர்’ (1919) அதில் வந்ததுதான். அமெரிக்க மலைக்காட்டையே ஜப்பானாக்கி எடுத்த படம், இதற்கு ஜோடியாக அதையும் பாருங்கள். 1920-களில் ஆசியர் எதிர்ப்பு இன்னும் முற்ற, அமெரிக்காவை விட்டு வெளியேறிப் பல நாடுகளில் நடித்தார். 1937-இல் பிரான்சில் இதே கதையை மறுபடி எடுத்தபோது வில்லனாக மறுபடியும் அவரேதான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அவர் முகம் தெரிந்திருந்தால் அது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) படத்தின் கர்னல் சைட்டோவாகத்தான் இருக்கும். எழுபது வயதுவாக்கில் நடித்தார், ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனார். 1918-இல் கார்டு எழுதிப் பர்மியராக்கப்பட்டவர், இதில் பர்மாவுக்கு ரயில் பாதை போடும் ஜப்பானிய அதிகாரி. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலவில். அந்த ரயில் பாதையில் நிஜத்தில் செத்தவர்களில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக இருந்தார்கள். ஆனால் படத்தின் கதை முழுக்க பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றியது. யாரைத் திரையில் எப்படிக் காட்டினார்கள் என்று பேசும்போது, யாரைக் காட்டவே இல்லை என்ற கணக்கும் இருக்கிறது.

‘தி சீட்’ 1993-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. காப்புரிமை முடிந்த படம், இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. மறுபடி பார்க்கும்போது கார்டு வரும் இடங்களில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அரக்காவ், பர்மிய தந்த அரசர் என்று எழுத்து சொல்லும். அடுத்த நொடியே அந்தத் தாள் தட்டிகளும் தோரி வாசல் முத்திரையும் வந்து அந்தக் கார்டைப் பொய்யாக்கிவிடும்.